ஃபோர்சைத் கவுண்டி (அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம்): வரலாறு, சுற்றுலா, கேள்வி பதில்

கே: அட்லாண்டாவுக்கு மாற்றலாகிறேன். ஃபோர்சைத் பக்கம் வீடு வாங்கலாமா?

ப: தரகரைக் கேளுங்கள். நான் பழங்கதை ஆள்.

கே: இங்கே பழைய கறுப்பினக் குடும்பம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே?

ப: துரத்திவிட்டார்கள். 1912 செப்டம்பரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தாக்கப்பட்டு, பிறகு இறந்தார். அதற்காகக் கைதான கறுப்பினத்தவர் ராப் எட்வர்ட்ஸை வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து கொன்று, கமிங் நகரச் சதுக்கத்தில் தொங்கவிட்டது. அதே வழக்கில் கறுப்பினப் பதின்வயதுப் பையன்கள் இருவருக்குச் சட்டப்படி தூக்கு. அப்புறம் வெள்ளையர்கள் இரவில் குதிரையில் வந்து கறுப்பினத்தவரின் வீடுகளையும் தேவாலயங்களையும் கொளுத்தினார்கள். சில வாரங்களில் கிட்டத்தட்ட 1,100 பேர் வெளியேறினார்கள். பலருக்கு நிலமும் போனது. 1987 ஜனவரியில் இதைக் கண்டித்து ஊர்வலம் போனவர்கள்மேல் கல் விழுந்தது. அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு வந்தார்கள்.

கே: லேனியர் ஏரிக்குள் ஆஸ்கர்வில் என்ற கறுப்பினத்தவர் ஊர் முழுசாக மூழ்கிக் கிடக்கிறதாமே? அந்த ஆவிகள்தான் ஆளை இழுக்கிறதாம்!

ப: ஆஸ்கர்வில்லின் கறுப்பின மக்கள் போனது 1912இல். இந்த ஏரியை உண்டாக்கிய புஃபோர்ட் அணை தண்ணீரைத் தேக்கியது 1956இல். நடுவில் 44 வருஷம். ராணுவப் பொறியாளர் படை நிலங்களை வாங்கி, வீடுகளை இடித்தும் பெயர்த்தும் அகற்றிய பிறகுதான் தண்ணீர் ஏறியது. அடியில் மரங்களும் சாலைத் துண்டுகளும் கிடக்கின்றன. கரையை ஒட்டிச் சட்டென்று ஆழம் விழும். லைஃப் ஜாக்கெட் போடுங்கள்.

கே: யூடியூபில் தேவாலயக் கோபுரம் காட்டினார்களே? நீங்கள் மூடி மறைக்கிறீர்கள்.

ப: மறைப்பதாக இருந்தால் 1912ஐயே சொல்லியிருக்க மாட்டேன். உயிரோடு இருந்தவர்களைத் துரத்தியதைப் பேச வாய் வருவதில்லை, பேய்க்கதைக்கு மட்டும் கூட்டம்!

கே: பேய் பார்க்க எந்தப் படகுத்துறை?

ப: எதுவானாலும் லைஃப் ஜாக்கெட்.

கே: ஒரே நாளில் என்ன பார்க்கலாம்?

ப: காலையில் சானி மலை. வழியில் பழைய தங்கச் சுரங்க வாய் தெரியும். இந்த மண் செரோக்கி பழங்குடி மக்களுடையது. 1832இல் குலுக்கல் போட்டு வெள்ளையருக்குக் கொடுத்தார்கள். மதியம் பூல்ஸ் மில் பாலம், 1901இல் கட்டிய கூரை போட்ட மரப்பாலம். உள்ளே பக்கச் சட்டங்களைப் பாருங்கள்: முதலில் வேலையை எடுத்த தச்சர் இடம் மாற்றிப் போட்ட துளைகள் இன்றும் இருக்கின்றன. கீழே பாறை வழுக்கும், குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கே: கடைசியாக, பேய் இருக்கிறதா இல்லையா?

ப: ஏரியைப் பற்றி முன்பே சொன்னதைப் படியுங்கள்.

கே: 400 நெடுஞ்சாலையில் ஏன் இவ்வளவு நெரிசல்?

ப: கவுண்டியில் 2000இல் 98,000 பேர், 2020இல் 2.5 லட்சம். நாமும்தான்.