லேப்டாப்புக்கு எந்த ஜிபிஎஸ் வாங்கறது? கேளுங்க, சொல்றேனுங்க

பொள்ளாச்சியிலிருந்து: ஏனுங்ணா, பென்டிரைவ் மாதிரி குட்டியா ஒண்ணு, வயரோட மவுஸ் மாதிரி ஒண்ணு, ரெண்டு டைப் இருக்குது. தோப்புல போர், வால்வு, பைப் லைன் எல்லாம் மேப்ல குறிக்கணும். எது வாங்கட்டும்?

வயர் வெச்சதே வாங்குங்க. உள்ள இருக்கற சிப் ரெண்டுலயும் பெரும்பாலும் யூப்ளாக்ஸ்ங்கற கம்பெனியோட 7 இல்லைன்னா 8 தானுங்க, ஆனா குட்டியானது லேப்டாப்போட ஒட்டிக்கிட்டே நிக்கும், ஸ்கிரீன் ஒரு பக்கம் வானத்தை மறைக்கும், லேப்டாப்புக்குள்ள இருந்து வர்ற மின் இரைச்சல் வேற, சாட்டிலைட் இருக்கறது 20,000 கிலோமீட்டருக்கு மேல, அங்கிருந்து வர்ற சிக்னல் ஏற்கனவே சீக்காளி மாதிரி தான் வந்து சேருது. மவுஸ் மாடல் நெறையதுக்கு அடியில காந்தம் இருக்கும், ஜீப் கூரை மேல ஒட்டிட்டு வயரை உள்ள விட்டா போதும். மோட்டார் ரூம் தகரத்துக்கு அடியில உக்காந்துட்டு சிக்னல் வரலைன்னு சொல்லாதீங்க. மட்டை அடர்த்தியா இருந்தா புள்ளி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், சித்த நேரம் அசையாம வெச்சுட்டு அப்புறம் குறிங்க. சாஃப்ட்வேருக்கு கியூஜிஐஎஸ்னு ஒரு மேப் சாஃப்ட்வேர், காசே வேண்டாம், அதுலயே ஜிபிஎஸ் பேனல் இருக்குது.

கோபியிலிருந்து: இதை வெச்சு வரப்பு அளந்துக்கலாமுங்களா? பங்காளியோட தகராறு.

அய்யோ சாமி, வேண்டாமுங்க. நல்லா வானம் தெரிஞ்சாலே 2, 3 மீட்டர் முன்னப்பின்ன காட்டும். ஒரு சென்ட்டுங்கறது 435.6 சதுர அடி, சதுரமா வெச்சா ஒரு பக்கம் 21 அடி கூட வராது, அதுல 8 அடி தப்புன்னா பங்காளி சும்மா விடுவாரா? சென்டிமீட்டர் கணக்கு வேணும்னா ஆர்டிகேங்கற, தரையில இருக்கற ஸ்டேஷன்ல இருந்து திருத்தம் வாங்கற ரிசீவர் வேணும், அது வேற வெலை, வேற பொழப்பு. சர்வேயருக்கு மனு போடுங்க.

ஈரோட்டிலிருந்து: சொருகிட்டேன் அண்ணா, ஆனா விண்டோஸ் லேப்டாப்ல மேப் தொறந்தா பெருந்துறைல இருக்கறதா காட்டுது, நான் இருக்கறது பவானி!

இது தான் எல்லாரும் மாட்டற எடம். விண்டோஸ் அதும்பாட்டுக்கு வைஃபையும் இன்டர்நெட் அட்ரஸும் வெச்சு யூகிக்குது, நீங்க சொருகுன ரிசீவரை அது கண்டுக்கவே இல்லை. இந்த டைப் ரிசீவர் பெரும்பாலும் ஒரு காம் போர்ட்டா (COM3, COM4னு நம்பர் போட்ட தகவல் வாசல்) தான் வந்து நிக்கும், டிவைஸ் மேனேஜர்ல போய் நம்பர் பாருங்க, அந்த நம்பரை சாஃப்ட்வேர்ல குடுங்க. போர்ட்டோட வேகம் (பாட் ரேட்) பழைய சர்ஃப் கம்பெனி சிப்புக்கு 4800, யூப்ளாக்ஸுக்கு 9600, தப்பா போட்டா சிலதுல குப்பை எழுத்தா கொட்டும். சரியா இருந்தா செகண்டுக்கு ஒருதரம் வரி வரியா ஓடும், அதுல ஆர்எம்சின்னு (RMC) வர்ற வரில நேரத்துக்கு அடுத்து 'வி' இருந்தா இன்னும் எடம் புடிபடலைன்னு அர்த்தம், 'ஏ' ஆச்சுன்னா புடிச்சிருச்சு. மொத தடவை வெட்டவெளில வெச்சும் அரை நிமிசமோ, கொஞ்சம் எச்சாவோ ஆகும், ஏன்னா ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன்னோட பாதை விவரத்தை 30 செகண்டுக்கு ஒருதரம் தான் அனுப்புது. இன்னொண்ணு, ஒரு சாஃப்ட்வேர் போர்ட்டை புடிச்சிருந்தா இன்னொண்ணு தொறக்காது, மொதல்ல அதை மூடுங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க கவனிங்க: பிஎல்2303ங்கற பழைய யுஎஸ்பி சிப்போட வந்ததும், அதோட டூப்ளிகேட்டும் புது விண்டோஸ்ல 'கோட் 10'னு எரர் காட்டி முறைக்கும்.

திருப்பூரிலிருந்து: நாவிக் இருக்கறதா பாத்து வாங்குன்னு கடைக்காரர் சொல்றாருங்க, ரேட்டு டபுள்.

நம்ம இஸ்ரோ சாட்டிலைட் தான், பெருமை தான், ஆனா நாவிக் ஆரம்பத்துல இருந்து வர்ற எல்5 அலைவரிசை, 1176.45 மெகாஹெர்ட்ஸ், சாதா யுஎஸ்பி ரிசீவருக்கு காதுலயே விழாது. சாதா ரிசீவர் கேக்கற எல்1 அலைவரிசைல பேசறது 2023 மே மாசம் போன என்விஎஸ்-01 சாட்டிலைட்ல இருந்து தான் ஆரம்பம். ஸ்பெக் ஷீட்ல எழுதியிருந்தா ஒழிய வாய்ப்பேச்சை நம்பி டபுள் குடுக்காதீங்க. ஜிபிஎஸ்ஸோட ரஷ்யாக்காரங்க சாட்டிலைட் குளோனாஸும் சேந்து எடுக்குதான்னு கேளுங்க, ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறும்போது மலை பாதி வானத்தை மறைக்கற எடத்துல அது தான் கைகுடுக்கும்.

நாமக்கல்லிலிருந்து: லாரில வெச்சா ஆபீஸ்ல இருந்தே வண்டி எங்க போகுதுன்னு பாக்கலாமா?

இல்லீங்க. இது கேக்க மட்டும் தான் செய்யும், திருப்பி அனுப்பாது. சிம் போட்ட டிராக்கர் வாங்குங்க.

கரூர் தங்கச்சி ஒருத்தர்: அண்ணா, போன்லயே ஜிபிஎஸ் இருக்கே, ஹாட்ஸ்பாட் போட்டா லேப்டாப்புக்கு வந்துராதா?

ஹாட்ஸ்பாட்ல நெட் மட்டும் தான் வரும் அம்மணி. ஆண்ட்ராய்டுல என்எம்இஏ (முன்ன சொன்ன வரி வரியா ஓடற ஜிபிஎஸ் தகவல்) அனுப்பற ஆப் போட்டு வைஃபை வழியா குடுக்கலாம், லினக்ஸ்னா ஜிபிஎஸ்டிங்கற சாஃப்ட்வேர் அதை வாங்கிக்கும். எப்பவாச்சும் ஒருநாள் வேலைன்னா இதுவே போதும், காசை மிச்சம் பண்ணு. தெனமும் வெயில்ல சுத்தற வேலைன்னா போன் சூடாகி சார்ஜும் போயிரும், அப்ப வயர் மாடல் ஒண்ணு வாங்கிக்கோ.