காந்தம் ஒட்டினால் மட்டமான கத்தியா?

வாசகர் கேள்வி – பதில்

காய் நறுக்க 150 ரூபாய்க்குள் ஒரு கத்தி தேடுகிறேன். காந்தம் ஒட்டாததுதான் ‘ஒரிஜினல்’ எவர்சில்வர் என்கிறார் கடைக்காரர். சரியா?
– வாசகி, கும்பகோணம்

பாத்திரத்துக்கு ஓரளவு சரி, கத்திக்குத் தலைகீழ். காந்தம் ஒட்டாத 304 ரக எவர்சில்வரில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துரு அண்டாது. ஆனால் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் பதம் ஏறாது, அதாவது கடினமாகாது; கூர் நிற்காது. கத்திக்கென்று பதம் ஏற்றும் எவர்சில்வர் வேறு ரகம். அதில் காந்தம் ஒட்டும். அலகில் ஒட்டவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டினாலும் உடனே பணத்தை நீட்ட வேண்டாம், தகரத்திலும்தான் ஒட்டும்.

கூர்ப்பக்கத்தை மேலே வைத்து, பிடியிலிருந்து நுனிவரை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வளைவு தெரிந்தால் வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் கூர்விளிம்பு மினுங்கினால் அங்கே மழுக்கம். கூருக்குச் சற்று மேலேயே அலகு தடியாக இருந்தால் கேரட் நறுங்காது, ‘டக்’கென்று பிளக்கும். மலிவுக் கத்திகளில் பெரும்பாலான குறை இதுதான். இரும்பின் பெயரைவிட இதைப் பார்ப்பது முக்கியம்.

வீட்டில் அரம் இருந்தால், பிடியை ஒட்டிய கூரில் ஒருமுறை மெல்ல இழுங்கள். அரம் சமையல் கத்தியைவிடக் கடினம், அதனால் கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். அதே அரத்தை ஒரு சாதாரண ஆணியில் இழுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி சீவிக்கொண்டு வந்தால் கத்தியில் பதமே இல்லை.

அலை அலையாகக் கோடு போட்ட ‘டமாஸ்கஸ்’ கத்தி 500 ரூபாய்க்கு வருகிறதே?
– வாசகர், சேலம்

அந்த விலைக்கு அது பெரும்பாலும் லேசரில் வரைந்த கோலம். முதுகைப் பாருங்கள். பல அடுக்கு இரும்பை அடித்துச் செய்ததென்றால் முதுகிலும் கோடுகள் தெரியும். ஓர் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் அசல், போலி இரண்டின் கோடும் மறையும்; இரும்பை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் பட்டதும் அசல் கோடு மட்டும் திரும்ப வரும். அசலாகவே இருந்தாலும், கோட்டுக்கும் கூருக்கும் சம்பந்தமில்லை.

அலகு, இரண்டு மரத்துண்டு, பித்தளை ஆணிகள் கொண்ட ‘கிட்’ வாங்கிக் கத்தி செய்தேன். ஒரே மாதத்தில் பிடி விட்டுவிட்டது. கிட் மட்டமா?
– வாசகர், கோவை

கிட்டைவிட ஒட்டிய விதத்தில்தான் சந்தேகம். துருப்பிடிக்காமல் இருக்க அலகில் எண்ணெய் தடவித்தான் அனுப்புவார்கள். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது.

பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். அலகின் கூரில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பிடிக்குள் போகும் இரும்பையும் மரத்தின் உட்புறத்தையும் 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரும்பை அசிட்டோனால் துடையுங்கள். பிறகு விரல் படக்கூடாது. பசை போடாமல் ஒருமுறை கோர்த்துப் பார்த்து, ஆணி தட்டாமல் நுழைகிறதா என்று கவனியுங்கள். புது மரம் போடுவதானால் அலகையே அச்சாக வைத்துத் துளையுங்கள். மரத்தின் முன்முனைகளை, அதாவது அலகைப் பார்த்திருக்கும் பக்கத்தை, ஒட்டுவதற்கு முன்பே வழவழப்பாக்கிவிட வேண்டும். ஒட்டியபின் அங்கே உப்புத்தாள் போட்டால் அலகெல்லாம் கீறல்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை வேண்டாம். மெதுவாக இறுகும் இருபகுதி எபாக்ஸிப் பசையை, உறையில் சொன்ன விகிதத்தில் அளந்து கலக்குங்கள். ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை முறுக்கித் தள்ளுவதுதான் பலர் செய்வது. பசை முழுக்க வெளியே பிதுங்கி, உள்ளே ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. ஓரங்களில் மெல்லிய கோடாகக் கசிந்தால் போதும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

மெஷினில் தேய்த்தால் பித்தளை ஆணி சூடாகி, அந்தச் சூடு உள்ளே இறங்கிப் பசையை இளக்கிவிடும். ஆணி கைபொறுக்காத சூட்டுக்குப் போகுமுன் நிறுத்துங்கள். இன்னொன்று: அந்தக் கத்தியைத் தொட்டியில் ஊறப்போடவே கூடாது.

கல் சக்கரத்தில் தீட்டியபோது இரும்புக் கத்தியின் கூர் நீலமாகிவிட்டது. பரவாயில்லையா?
– வாசகி, மதுரை

இல்லை. நீலம் வந்தால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் போய்விட்டது என்று அர்த்தம், பதம் இறங்கியிருக்கும். நீலத்தைத் தேய்த்துப் போக்கினால் நிறம்தான் போகும். நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும், அடிக்கடி தண்ணீரில் முக்கியபடி, தேய்த்துக் கழித்துவிட்டுப் புதுக் கூர் எடுங்கள். அலகின் அகலம் கொஞ்சம் குறையும், வேறு வழியில்லை.