டொலேடோ பேராயர்களின் வரிசை அறுபடாமல் வந்ததா? அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்?

கேள்வி ஸ்பெயினின் பழம்பெரும் உயர்மறைமாவட்டங்களைப் பற்றியது. ஆதிகாலம் முதல் இன்றுவரை பேராயர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்து வந்தார்களா, அந்தந்தக் காலத்தில் அவர்களை யார் நியமித்தார்கள் என்று கேட்கப்பட்டிருக்கிறது. ஸ்பெயின் திருஅவையின் முதன்மைப் பீடமான டொலேடோவை வைத்தே பதில் சொல்கிறேன். பல ஆண்டுகளாக நான் விரும்பிப் படித்துவரும் வரலாறு அது.

வரிசை அறுந்திருக்கிறது, அதுவும் பலமுறை. ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. டொலேடோவின் பேராயர் யார் என்பதில் அரசர்களின் கை ஏறக்குறைய 1300 ஆண்டுகள் இருந்திருக்கிறது. சில காலம் தளர்ந்தும் சில காலம் இறுகியும் இருந்த அந்தப் பிடி சட்டமாக எழுதப்பட்ட ஆண்டும் தெரியும், விடுபட்ட ஆண்டும் தெரியும்: 681, 1976. இந்த இரண்டு ஆண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பெயர்ப் பட்டியல் புரியத் தொடங்கும்.

4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விராவில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் மெலாந்தியுஸ் என்ற டொலேடோ ஆயர் இருந்தார். உறுதியாகத் தெரிந்த முதல் பெயர் அதுதான். அவருக்கும் முன்னால் புனித எவுஜேனியுஸ் என்பவர் இந்த மறைமாவட்டத்தை நிறுவியதாக ஒரு மரபு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பேராயர் ரைமுண்டோவின் காலத்தில் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்த மரபு அது. பழைய பீடங்கள் எல்லாமே தங்கள் வேரைத் திருத்தூதர் காலம்வரை கொண்டுபோக விரும்பின, டொலேடோவும் விரும்பியது.

டொலேடோ பெரும் பீடமானதற்குக் காரணம் பக்தி மட்டும் அல்ல. அன்று ஸ்பெயினை ஆண்ட விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்து அரசர்களின் தலைநகரம் அது. 589இல் இங்கே கூடிய மூன்றாம் சங்கத்தில்தான் அரசர் ரெக்காரெத், கிறிஸ்து தந்தையாம் கடவுளுக்கு நிகரானவர் அல்ல என்ற ஆரியுசின் தப்பறையைக் கைவிட்டு கத்தோலிக்க நம்பிக்கையை அறிக்கையிட்டார். அதற்குப் பிறகு அரசவையும் ஆயர் பீடமும் ஒரே ஊரில் அருகருகே வளர்ந்தன. 681இல் கூடிய பன்னிரண்டாம் சங்கம் அதைச் சட்டமாக்கியது: அரசர் யாரைத் தேர்ந்தாலும், எந்த மாநிலத்தின் ஆயராக இருந்தாலும், டொலேடோ ஆயர் அவரைத் திருநிலைப்படுத்தலாம். அரசருக்கு ஆயர்களைத் தேரும் உரிமை, டொலேடோவுக்கு மற்ற ஆயர்களுக்கு மேலான இடம். இருதரப்புக்கும் லாபமான ஏற்பாடு. அதற்கு விலையும் இருந்தது. 693இல் சிசிபெர்த் என்ற பேராயர் அரசர் எகிக்காவுக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு பதவி பறிக்கப்பட்டார். செவில்லின் ஆயர் பெலிக்ஸ் அவர் இடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்.

முதல் பெரிய அறுபடல் 711இல் நடந்தது. முஸ்லிம் படைகள் வந்தபோது பேராயர் சிந்தெரெத் தன் மந்தையை விட்டுவிட்டு ரோமுக்குப் போய்விட்டார். 754ஆம் ஆண்டின் நாளாகமம் என்ற அக்காலத்து வரலாற்று நூல் அவரை மேய்ப்பர் அல்ல, கூலிக்காரர் என்று நற்செய்தியின் சொல்லாலேயே குத்துகிறது. 721இல் ரோமில் நடந்த ஒரு சங்கத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. பேராயர் அங்கே, மக்கள் இங்கே. இருந்தும் டொலேடோவின் கிறிஸ்தவர்கள் அந்நிய ஆட்சியின் கீழ் தங்களுக்கு ஆயர்களைத் தேடிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான எலிபாந்து, கிறிஸ்து மனித இயல்பில் கடவுளின் சுவிகார மகன் என்று கற்பித்து, 794இல் பிராங்பர்ட் சங்கத்தில் கண்டிக்கப்பட்டார். 858இல் பீடம் காலியானபோது கொர்தோபாவின் குருவான எவுலோகியுசைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் டொலேடோவுக்குப் போய்ப் பொறுப்பேற்கவே முடியவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் கொர்தோபாவில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். அதற்குப் பிந்தைய இரண்டு நூற்றாண்டுகளில் பட்டியலில் பெயர்கள் மிக அரிது.

1085 மே மாதம் ஆறாம் அல்போன்சோ நகரைப் பிடித்தார். அடுத்த ஆண்டு பேராயராக வந்தவர் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர், குளூனி மடத்துத் துறவி. 1088இல் திருத்தந்தை இரண்டாம் அர்பன் டொலேடோவை ஸ்பெயினின் முதன்மைப் பீடமாக அறிவித்தார். அர்பனும் குளூனியில் துறவியாக இருந்தவர்தான். பட்டியலைப் பார்த்தால் பழைய வரிசை மீண்டும் தொடங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் உண்மையான தொடர்ச்சி பெர்னாரிடம் இல்லை என்பதே என் கருத்து. மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நம்பிக்கையைக் காப்பாற்றி வந்த உள்ளூர் கிறிஸ்தவர்களிடம், மொசராபியர்களிடம், அது இருந்தது. பெர்னார் வந்தபோது நாடெங்கும் ரோமை வழிபாட்டு முறை நுழைந்துகொண்டிருந்தது. மொசராபியர்கள் தங்கள் பழைய திருவழிபாட்டை ஆறு பங்குகளில் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

நடுக்காலத்தில் பேராலயக் குருக்கள் குழுவின் தேர்தல், திருத்தந்தையின் உறுதிப்பாடு, அரசரின் விருப்பம் என்று மூன்றும் மோதிக்கொண்டே இருந்தன. ரொட்ரிகோ ஹிமெனெஸ் தெ ராதா என்ற மாபெரும் மனிதர் 1209 முதல் 1247 வரை இருந்தார். 1212இல் ஸ்பெயினின் கிறிஸ்தவ மன்னர்கள் முஸ்லிம் படைகளை வென்ற லாஸ் நாவாஸ் தெ தொலோசா போர்க்களத்தில் நின்றவர், 1226இல் இன்றைய பேராலயத்துக்கு அடிக்கல் இட்டவர், ஸ்பெயினின் வரலாற்றை எழுதியவர். பிரான்சுக்குப் போய்த் திரும்பும் வழியில் ரோன் ஆற்றில் இறந்தார். அவருக்குப் பிறகு அரச குடும்பத்து இளைஞர்கள் பீடத்தில் அமர்த்தப்பட்டார்கள். அரகோன் மன்னரின் மகனான சாஞ்சோ 1275இல் மார்த்தோஸ் அருகே போரில் கொல்லப்பட்டார்.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்று பேராயர்கள் அடுத்தடுத்து வருகிறார்கள். ஒருவரின் கதை இல்லாமல் மற்றவரின் கதை விளங்காது. அல்போன்சோ கரில்லோ 1469இல், பின்னாளில் ஸ்பெயினை ஆண்ட இசபெல்லா, பெர்டினாண்ட் திருமணத்தை முன்நின்று நடத்திவைத்தவர். தான் எதிர்பார்த்த கர்தினால் பட்டம் 1473இல் பேத்ரோ கொன்சாலெஸ் தெ மெந்தோசாவுக்குப் போனதும் மனம் கசந்து, பிறகு இசபெல்லாவின் எதிரணியோடு சேர்ந்து படை நடத்தினார். 1482இல் அவர் இறந்தபின் பீடத்துக்கு வந்தவர் அதே மெந்தோசா. ஸ்பெயினின் மூன்றாவது அரசர் என்று மக்கள் அழைத்த அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர், பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருந்தவர். அவரே தனக்குப் பின் தன்னைப் போன்ற பிரபு வேண்டாம், சிஸ்னேரோஸ் வரட்டும் என்று அரசிக்குப் பரிந்துரைத்தார்.

அந்த சிஸ்னேரோஸ் யார் தெரியுமா? இளம் குருவாக இருந்தபோது ஊசேதா என்ற ஊரின் தலைமைக் குரு பதவிக்கு ரோமிலிருந்து கடிதம் வாங்கி வந்தவர். அந்தப் பதவியைத் தன் ஆளுக்குக் கொடுக்க நினைத்த கரில்லோ, விட்டுக்கொடுக்க மறுத்த சிஸ்னேரோசைப் பல ஆண்டுகள் சிறையில் வைத்தார். பின்னாளில் பிரான்சிஸ்கன் துறவியாகி, அரசியின் பாவசங்கீர்த்தனக் குருவாகி, 1495இல் தன்னைச் சிறையிட்டவரின் பீடத்திலேயே அமர்ந்தார். அதுவும் விரும்பி அல்ல, திருத்தந்தை கட்டளையிட்ட பிறகுதான். அல்காலா பல்கலைக்கழகம், பன்மொழி விவிலியம், 1500இல் அச்சான மொசராபியத் திருப்பலி நூல் ஆகியவை அவர் தந்தவை. அவர் பேராலயத்தில் ஏற்படுத்திய சிற்றாலயத்தில் அந்தப் பழைய முறைத் திருப்பலி இன்றும் நடக்கிறது. கிரானடாவில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்களை நெருக்கடி தந்து திருமுழுக்குப் பெறவைத்தவரும் இவர்தான். அதை மறைத்துவிட்டு இவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

1517இல் சிஸ்னேரோஸ் இறந்ததும் புதிய அரசர் சார்லஸ் என்ன செய்தார்? தன் பிளெமிய ஆலோசகரின் உறவினரான குயோம் தெ குரோய் என்ற 19 வயது இளைஞரிடம் ஸ்பெயினின் மிகச் செல்வமான பீடத்தைக் கொடுத்தார். அவர் டொலேடோவில் ஒருமுறைகூடக் காலடி வைக்கவில்லை. 1521இல் வோர்ம்ஸ் நகரில் இறந்துபோனார். 1520இல் காஸ்திய நகரங்கள் கிளர்ந்தெழுந்ததற்கு இந்த நியமனமும் ஒரு காரணம். 1523இல் சார்லசின் முன்னாள் ஆசிரியரான திருத்தந்தை ஆறாம் ஆட்ரியன், ஸ்பெயினின் எல்லா ஆயர்களையும் முன்மொழியும் உரிமையை அரசருக்கே எழுதிக் கொடுத்தார்.

அந்த உரிமையின்படி வந்த சிலிசேயோ, 1547இல் ஒரு விதி கொண்டுவந்தார். யூத, முஸ்லிம் முன்னோர் உள்ளவர்களுக்குப் பேராலயத்தில் பதவி இல்லை என்பது அந்த விதி. பேராலயக் குருக்களிலேயே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 680 முதல் 690 வரை டொலேடோ பேராயராக இருந்த புனித யூலியான், யூத வழிவந்தவர் என்று 754ஆம் ஆண்டின் அதே நாளாகமம் சொல்கிறது. சிலிசேயோவின் விதிப்படி பார்த்தால், அந்தப் பீடத்தின் மாபெரும் புனிதர்களில் ஒருவருக்கு அந்தப் பேராலயத்தில் ஒரு சாதாரணக் குரு பதவிகூடக் கிடைத்திருக்காது.

இனி கரான்சா. டொலேடோ வரிசையில் ஒரே ஒருவரைத்தான் படிக்கலாம் என்று என்னிடம் சொன்னால் நான் பர்தொலோமே கரான்சாவைத்தான் சொல்வேன்.

தொமினிக்கன் துறவி. திருஅவையைச் சீர்திருத்த 16ஆம் நூற்றாண்டில் கூடிய திரிதெந்து பொதுச்சங்கத்தில், ஆயர் தன் மறைமாவட்டத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். சார்லசின் மகன் இரண்டாம் பிலிப்புடன் இங்கிலாந்துக்குப் போய் அங்கே கத்தோலிக்க மறையை மீட்க உழைத்தவர். பிலிப் தானே தேர்ந்தெடுத்து இவரை டொலேடோவுக்கு அனுப்பினார். 1558 செப்டம்பரில் யூஸ்தே மடத்தில் பேரரசர் சார்லசின் மரணப் படுக்கையில் நின்று சிலுவையைக் காட்டி ஆறுதல் சொன்னார். அந்தச் சொற்களையே பிறகு அவருக்கு எதிராகச் சாட்சியாக்கினார்கள். அதே ஆண்டில் ஆண்ட்வெர்ப்பில் அச்சான அவருடைய ஞானோபதேச நூலில் லூத்தரின் வாடை வீசுகிறது என்று அவருடைய துறவற சபையையே சேர்ந்த மெல்கோர் கானோ குறிப்பெழுதினார். சமய விசாரணை மன்றத்தின் தலைவரான பெர்னாந்தோ தெ வால்தெஸ் செவில்லின் பேராயர், கரான்சாவுக்கு நெடுநாள் பகையாளி. ஆயர்களையும் விசாரிக்க ரோமிலிருந்து அனுமதி வாங்கினார்.

1559 ஆகஸ்ட் 22ஆம் நாள் விடியற்காலை. மறைமாவட்டப் பயணத்தில் தொரெலகூனா என்ற ஊரில் தங்கியிருந்த பேராயரைப் படுக்கையிலேயே கைது செய்தார்கள். சிஸ்னேரோஸ் பிறந்த ஊர் அது. கரான்சா டொலேடோவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வயதோலித்தில் இரண்டு அறைகளில் அடைத்து வைத்தார்கள். அவருடைய நூலைப் பார்த்த திரிதெந்தின் குழு 1563இல் அதை ஏற்றது. அப்படியும் அவரை விடவில்லை. திருத்தந்தை ஐந்தாம் பயஸ் கடுமையாக வற்புறுத்திய பிறகே 1567இல் ரோமுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் சாந்த் ஆஞ்செலோ கோட்டையில் காவல். 1576 ஏப்ரலில் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி தீர்ப்பளித்தார்: 16 கூற்றுகளைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும், பீடத்திலிருந்து ஐந்து ஆண்டுகள் விலகியிருக்க வேண்டும். கரான்சா கீழ்ப்படிந்தார், ரோமின் பேராலயங்களுக்குப் புனிதப் பயணம் போனார், மே 2ஆம் நாள் இறந்தார். தான் ஒருநாளும் அந்தத் தப்பறைகளை நம்பியதில்லை என்று இறப்பதற்கு முன் அறிக்கையிட்டார்.

இந்தப் பதினேழு ஆண்டுகளும் டொலேடோவுக்குப் பேராயர் இருந்தார், இல்லாமலும் இருந்தார். பீடத்தின் பெரும் வருவாயில் அரசும் கைவைத்தது. ஆயர் மக்களோடு இருக்க வேண்டும் என்று வாதாடிய மனிதர் தன் மக்களிடமிருந்து பிரிக்கப்பட்டு இறந்ததை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். பேராலயத்தின் சங்க மண்டபச் சுவரில் பேராயர்களின் ஓவியங்கள் வரிசையாக இருக்கின்றன. சிஸ்னேரோஸ் காலத்தில் ஹுவான் தெ போர்கோன்யா தொடங்கியவை. பழைய முகங்கள் எல்லாம் கற்பனை, சிஸ்னேரோசின் முகம் நேரில் கண்டு வரைந்தது. அந்த வரிசையில் கரான்சாவையும் சேர்த்தார்கள். அவருடைய எலும்புகளோ 1993இல்தான் ரோமிலிருந்து டொலேடோவுக்கு வந்தன.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் பீடம் அரச குடும்பத்துச் சொத்து போல ஆனது. மூன்றாம் பிலிப்பின் மகன் பெர்னாந்தோவுக்குப் பத்து வயதில் கர்தினால் பட்டமும் டொலேடோவும் கிடைத்தன. அவர் குருவாகவே ஆகவில்லை. 1634இல் நோர்ட்லிங்கன் போரில் வென்று, 1641இல் பிரசெல்சில் இறந்தார். ஐந்தாம் பிலிப்பின் மகன் லூயிஸுக்கு 1735இல் எட்டே வயது. வளர்ந்தபின் இந்த வாழ்க்கை தனக்கானதல்ல என்று 1754இல் நேர்மையாக விலகி, பின்னர் திருமணம் செய்துகொண்டார். அவர் இறந்தபின் அவருடைய மகன் லூயிஸ் மரியாவைப் பேராயர் லொரென்சானா டொலேடோவில் வளர்த்தார். 1800இல் அந்த மகனே பேராயரானார். அரச ரத்தம் என்பதால் வந்தவர்தான், ஆனாலும் 1813இல் சமய விசாரணை மன்றத்தை ஒழிக்க ஆதரவாக நின்றார். கரான்சாவைச் சிறையிட்ட மன்றத்தை ஒழிக்கக் கரான்சாவின் பீடத்தில் இருந்தவரே துணைநின்றார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

20ஆம் நூற்றாண்டை விரைவாகச் சொல்லிவிடலாம். 1931இல் குடியரசு கர்தினால் செகூராவை நாட்டைவிட்டு வெளியேற்றியது. 1933இல் வந்த கோமா, உள்நாட்டுப் போரில், பின்னர் சர்வாதிகாரியாக நாட்டை ஆண்ட தளபதி பிராங்கோவின் பக்கம் வெளிப்படையாக நின்றார். பழைய மன்னர்களின் முன்மொழியும் உரிமையை 1941இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் பிராங்கோவும் பெற்றுக்கொண்டார். ஆட்சியாளர்கள் இத்தகைய உரிமைகளைத் தாங்களே விட்டுவிட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கேட்டபோதும் அவர் விடவில்லை. அவர் இறந்தபின் 1976 ஜூலையில் மன்னர் ஹுவான் கார்லோஸ் அதைத் துறந்தார். அப்போது டொலேடோவில் இருந்த மார்செலோ கொன்சாலெஸ் 1971இல் பழைய முறையில் வந்தவர். ஆகவே அந்த உரிமை துறக்கப்பட்டபின் திருத்தந்தை நேரடியாக நியமித்த முதல் பேராயரை டொலேடோ கண்டது 1995இல், பிரான்சிஸ்கோ ஆல்வரெஸ் வந்தபோதுதான். அவருக்குப் பின் கான்யிசாரெஸ், பிராவ்லியோ ரொட்ரிகேஸ், 2020 முதல் பிரான்சிஸ்கோ செர்ரோ சாவெஸ். இப்போது 75 வயது நிறைந்ததும் பேராயர் தன் விலகல் கடிதத்தை ரோமுக்கு அனுப்புகிறார், அடுத்தவர் வருகிறார்.