தந்தையை இழந்த குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய்: யாருக்குக் கிடைக்கும், யாரிடம் ஏமாறக் கூடாது?

கேள்வி: என் கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்து இறந்துவிட்டார். நான் கூலி வேலைக்குச் செல்கிறேன். பட்டுக்கோட்டை அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பும் மகன் நான்காம் வகுப்பும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். 2020 மார்ச் மாதத்திற்குப் பிறகு தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மத்திய அரசு மாதம் 4,000 ரூபாய் தருவதாக வாட்ஸ்அப்பில் வந்தது. ஜெராக்ஸ் கடையில் 100 ரூபாய்க்குப் படிவம் விற்கிறார்கள். 3,000 ரூபாய் கொடுத்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். படிவத்திற்கான 100 ரூபாயையும் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் குறிப்பிடும் திட்டம் இருப்பது உண்மை. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ என்ற திட்டத்தின் ஒரு பகுதியான நிதி ஆதரவு உதவி அது. முன்பு மாதம் 2,000 ரூபாயாக இருந்த தொகை 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் 4,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கணவரை இழந்த தாயின் பிள்ளைகள், கைவிடப்பட்ட அல்லது மணவிலக்குப் பெற்ற தாயின் பிள்ளைகள், பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் போன்றோர் இதற்குப் பரிசீலிக்கப்படுவார்கள். 2020 மார்ச் என்ற தேதிக்கும் இந்த உதவிக்கும் தொடர்பில்லை. கொரோனா காலத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக வந்த வேறொரு திட்டத்தின் தேதியை யாரோ இதில் ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் செய்தி மறைத்தது ஒன்று உண்டு. தந்தையின் இறப்புச் சான்றிதழைக் காட்டினால் தானாக வந்து சேரும் ஓய்வூதியம் போன்றதல்ல இது. மனு கொடுத்த பிறகு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். அதன்பின் மாவட்ட அளவிலான குழு, தன் கையில் உள்ள நிதிக்குள் மிகவும் நலிந்த நிலையில் இருக்கும் குழந்தைகளைத் தேர்வு செய்யும். எனவே தகுதி இருந்தும் காத்திருக்க நேரலாம். இத்தனை பேருக்குத்தான் பணம் என்பதை முதலிலேயே வெளிப்படையாக அறிவித்திருந்தால் ஆட்சியர் அலுவலக வாசலில் கைக்குழந்தையோடு கால்கடுக்க நிற்கும் பெண்களின் வரிசை பாதியாகக் குறைந்திருக்கும். அறிவிப்பதில்லை, அந்த மௌனத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அவர்கள் செய்வது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வீட்டு விசாரணையையும் குழுவின் முடிவையும் எந்தத் தரகராலும் மாற்ற முடியாது. ஆகவே அவர் நூறு பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு நூறு மனுக்களையும் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவற்றுள் தகுதியின் அடிப்படையில் தாமாகவே தேர்வாகும் சிலரைக் காட்டி ‘நான்தான் வாங்கிக் கொடுத்தேன்’ என்பார். மற்றவர்களிடம் ‘மேலே இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள்’ என்பார். இதைவிடக் கெடுதல், குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கித் தருவதாகச் சொல்லித் தன் கைபேசி எண்ணைப் பதிந்துவிடுவது. பிறகு ஓடிபி அவருக்குத்தான் போகும், ஏடிஎம் அட்டையும் அவர் பையில்தான் இருக்கும். குழந்தையும் நீங்களும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில் உங்கள் எண் மட்டுமே இருக்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள்.

மனு இலவசம். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரில் கொடுங்கள். அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை 1098 என்ற இலவச எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். ஆதார், குடும்ப அட்டை, இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பள்ளிப் படிப்புச் சான்று, வங்கிப் புத்தகம், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் போதும்.

இவற்றுள் பலருடைய மனுவைக் கவிழ்ப்பது வருமானச் சான்றிதழ். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. இ-சேவை மையத்தில் அவசரத்தில் ஒரு லட்சம் என்று தட்டிவிடுகிறார்கள். அல்லது வரம்பு 96,000 என்று யாரோ சொன்னதை நம்பிக் கிராமத்தில் இருப்பவருக்கும் அதையே எழுதுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது உங்கள் வேலை நாட்களையும் கூலியையும் உள்ளபடி சொல்லுங்கள். கணவர் இருந்த காலத்து வருமானத்தைச் சேர்க்க வேண்டாம். நாள் கூலி 300 ரூபாயில் மாதம் 24 நாட்கள் தவறாமல் உழைக்கும் ஒரு பெண் ஆண்டுக்கு 86,400 ரூபாய் ஈட்டி, ஏழை என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறார். இப்படி ஒரு வரம்பை வகுத்தவர்கள் கடைசியாக எப்போது ஒரு கூலித் தொழிலாளியிடம் கணக்குக் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்துக்கும் இதே தரகர்கள் படிவம் விற்கிறார்கள். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டம் பெரும்பாலும் பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கானது. நீங்கள் நலமாக இருந்து பிள்ளைகளை வளர்ப்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. இதில் ஒரு விதிவிலக்கைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவர் இறந்து, உயிரோடு இருக்கும் மற்றவர் உடல் அல்லது மனநலக் குறைபாட்டாலோ உயிருக்கு ஆபத்தான நோயாலோ பிள்ளைகளைக் கவனிக்க இயலாமல் இருந்தால், அல்லது சிறையில் இருந்தால், அந்தக் குழந்தையும் தகுதி பெறும். ‘அம்மா இருக்கிறாரே’ என்று முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பினால் போய்விடாதீர்கள். குறைபாடு என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நோய் என்றால் அரசு மருத்துவரின் சான்று ஆகியவற்றை மனுவோடு இணைத்து, பிள்ளைகளை உண்மையில் யார் வளர்க்கிறார் என்பதையும், பாட்டியோ சித்தியோ அவர் யாராயினும், மனுவிலேயே எழுதிவிட வேண்டும். உங்கள் உறவில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, உங்களுக்கு இதைவிட உறுதியாகக் கிடைக்கக்கூடியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒன்று முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவரின், வருவாய் ஈட்டும் தாய் அல்லது தந்தை விபத்தில் இறந்தால், பள்ளிக் கல்வித் துறை அந்த மாணவருக்காக 75,000 ரூபாயை வைப்புத் தொகையாகப் போடுகிறது. மரத்திலிருந்து விழுந்ததும் விபத்துதான். காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டதால் நாளைக்கே பள்ளிக்குச் செல்லுங்கள். ‘இனிமேல் முடியாது’ என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் தரக் கேளுங்கள்.

எந்த மனுவைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தர மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடுத்துப் பதிவு எண் பெற்றுக்கொள்ளுங்கள். வாசலில் மனு எழுதித் தருபவருக்கு எழுதும் கூலியைத் தவிர வேறு எதையும், குறிப்பாக ஆதார் அசலை, கொடுக்காதீர்கள்.