நோய் கண்ட மீன்தொட்டிக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் முறை

கேள்வி: அலங்கார மீன்கள் வளர்த்து வருகிறேன். ஒரு தொட்டியில் நோய் தாக்கிப் பெரும்பாலான மீன்கள் இறந்துவிட்டன. அந்தத் தொட்டி, கைவலை, குழாய்கள், ஹீட்டர், வடிகட்டிப் பஞ்சு ஆகியவற்றை வீட்டிலுள்ள ப்ளீச், வினிகர், சோப்பு கொண்டு கழுவி மீண்டும் பயன்படுத்தலாமா?

பதில்: ப்ளீச்சையும் வினிகரையும் தனித்தனியே பயன்படுத்தலாம்; சோப்பு வேண்டாம். கழுவிய பிறகும் இடுக்குகளில் தங்கும் சோப்பு மீன்களின் செவுள்களைப் பாதிக்கும்.

கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும் சுண்ணாம்புக் கறையைக் கரைப்பதற்கு வினிகர் நன்று. ஆனால் நோய்க்கிருமிகளை ஒழிக்க அதை நம்ப இயலாது. வினிகரால் துடைத்த பொருளை நன்றாக அலசாமல் ப்ளீச்சில் இட்டால், நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் கையாளாமல் இருப்பதே என் பரிந்துரை.

பாசியும் கழிவும் ஒட்டியிருக்கும் பரப்பில் ப்ளீச்சிலுள்ள குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே வீரியம் இழந்துவிடும். ஆகவே முதலில் வெறும் நீரில் தேய்த்துக் கழுவி, கைவலையின் மடிப்புகளையும் குழாயின் உட்புறத்தையும் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். பின்னர், சுமார் 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள, நறுமணம் சேர்க்காத ப்ளீச் 1 பங்குக்கு 19 பங்கு நீர் கலந்து, கருவிகளை 10 முதல் 15 நிமிடங்கள் ஊற வையுங்கள். புட்டியைக் குலுக்கும்போது எழும் நுரை அடங்காமல் நின்றால் அதில் சலவைப் பொருள் கலந்திருக்கக்கூடும்; அதைத் தவிர்த்துவிடுங்கள். நெடுநாள் வெயிலில் இருந்த ப்ளீச்சும் வீரியம் குறைந்ததே. கலவையை அன்றன்றே தயாரித்து, கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்துங்கள்.

ஊறியபின் பலமுறை அலசி, தொட்டிக்கு இடும் அளவைவிடக் கூடுதலாகக் குளோரின் நீக்கி (சோடியம் தயோசல்பேட்) கலந்த நீரில் சிறிது நேரம் வைத்து, முற்றிலும் உலர விடுங்கள். உலர்த்துவதைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி போன்ற பலவும் ஈரம் வற்றினால் மடிந்துவிடும் என்பதால், அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. குளோரின் வாடை சிறிதேனும் எஞ்சியிருந்தால் மீண்டும் அலசுங்கள்.

ஹீட்டரை மின் இணைப்பிலிருந்து துண்டித்து, ஆறிய பிறகே நீரிலிருந்து எடுங்கள். அதன் மின்முனைப் பகுதியை நனைக்காமல் கண்ணாடிப் பகுதியை மட்டும் கலவையால் துடைத்தால் போதும். உலோகப் பாகங்களை ப்ளீச் அரிக்கும். நோய் கண்ட தொட்டியின் பஞ்சையும் மரக்கட்டைகளையும் எறிந்துவிடுங்கள். கிருமி அவற்றின் துளைகளில் ஒளிந்திருக்கும். புதிய பஞ்சில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை மீன்களைச் சிறிய எண்ணிக்கையில் விடுங்கள்.

இறந்த மீன்கள் மெலிந்து, புண்களுடன் காணப்பட்டிருந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். அதன் கிருமி ப்ளீச்சை ஓரளவு தாங்கும் என்பதால், உலர்ந்த கருவிகளை நெருப்புக்கு அப்பால் வைத்து 70 விழுக்காடு ஆல்கஹாலாலும் துடையுங்கள். அந்தக் கிருமி மனிதத் தோலிலும் புண் உண்டாக்கக்கூடியது, ஆகவே கையில் கீறல் இருந்தால் நோய் கண்ட தொட்டியின் நீரைத் தொடவே வேண்டாம்.