பாதி வள்ளம்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலைக்கு நடுவே ஆறு மாதமாக மரத்தில் சின்ன மாதிரிக் கப்பல் செய்து பழகுகிறேன். கிட் வாங்காமல் எல்லாவற்றையும் நானே அறுத்து இழைத்துச் செய்ய ஆசை. இணையத்தில் கிடைத்த படம் ஒன்றை வைத்து ராஜேந்திர சோழனின் கப்பலைத் தொடங்கியிருக்கிறேன். முன்பக்கம் பலகையை வளைத்தாலே ஒடிந்துவிடுகிறது. எந்த மரம், எந்தப் பசை வாங்கலாம்? பாய்க்கு எந்தத் துணி?

ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

பசைக்கு ஃபெவிகால் போதும். பாய்த்துணியெல்லாம் இப்போது எதற்கு? பலகை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், வெந்நீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு வளையுங்கள். அப்படியும் ஒடிந்தால் மரத்தைத் திட்டாதீர்கள். கப்பலுக்கு நடுவயிற்றில் சுற்றளவு அதிகம், முன்முனையான அணியத்தில் குறைவு. இரண்டு இடத்திலும் நூல் பிடித்து அளந்து பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், முன்னால் போகப்போக ஒவ்வொரு பலகையும் எவ்வளவு ஒடுங்கவேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரே அகலத்தில் அறுத்த பலகையைப் பக்கவாட்டில் மடக்கினால் அது ஒடியாமல் என்ன செய்யும்?

என் கோபம் அந்தப் படத்தின் மேல். 1025இல் கடாரம் போன கப்பல்களைப் பற்றி ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்கிறது. எத்தனை முழ நீளம், எத்தனை பாய்மரம் என்று அதில் இல்லை. சோழர் கப்பல் ஒன்றுகூடக் கடலடியிலிருந்து முழுதாகக் கிடைத்ததில்லை. அப்படியிருக்க அடிமரமான ஏராவின் வளைவை எங்கிருந்து எடுத்தீர்கள்? கிட்கூட வேண்டாம் என்று இவ்வளவு ரோஷமாகச் சொல்கிறவர், அளவை மட்டும் யாரோ கற்பனையில் வரைந்ததிலிருந்து கடன் வாங்கலாமா? புலிக்கொடியை ஏற்றிவிட்டால் அது சோழர் கப்பல் ஆகிவிடாது.

உங்கள் கடிதம் வந்த அன்றும் நான் ஒரு வள்ளத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுனாமிக்கு அடுத்த மாதம், 2005 ஜனவரி, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மரவள்ளம் ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. இருபத்தெட்டு அடி. ஒரு பக்கம் பலகை பிய்ந்து, உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் வங்குகள் வெளியே தெரிந்தன. அணியத்திலிருந்து பின்பக்கம்வரை நடுவே கயிறு கட்டி, வள்ளத்தின் சாய்வுக்கே மட்டக்கட்டை பிடித்து, இரண்டடிக்கு ஒரு தரம் கயிற்றிலிருந்து பலகைக்கு எவ்வளவு தூரம் என்று நோட்டில் எழுதினேன். ஏழு இடம் ஆயிற்று. அப்போது ஒரு அம்மா வந்து, "என்ன தம்பி, நிவாரணத்துக்கா அளக்கறீங்க?" என்று கேட்டார். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அதை விறகுக்கு வெட்டியிருந்தார்கள். கரையில் வரிசையாகப் புது ஃபைபர் படகுகள். அவர்கள் செய்ததில் தப்பே இல்லை, ஃபைபர் இலேசானது, ஊறாது, வருஷா வருஷம் பலகை இடுக்கை அடைத்துக் கலப்பத்து பார்க்கும் வேலையில்லை. ஆனால் அந்த வள்ளத்தைச் செய்த ஆசாரி காகிதத்தில் ஒரு கோடுகூடப் போட்டிருக்கமாட்டார். அளவெல்லாம் அவர் கையிலும் அந்த மரத்திலும்தான் இருந்தது.

உங்களுக்கு முத்துப்பேட்டை எவ்வளவு தூரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் மரப்படகு எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று விசாரியுங்கள். சொந்தக்காரரிடம் முதலில் எதற்கு அளக்கிறேன் என்று சொல்லுங்கள், நான் சொல்லாமல் விட்டதுபோல விடாதீர்கள். எல்லா அளவையும் 24ஆல் வகுத்தால் இருபத்தெட்டு அடி பதினாலு அங்குலமாகி மேசைமேல் அடங்கும். வங்குக்கு எதையும் வாங்கவேண்டாம், வீட்டுக் கொல்லையில் பூவரசு இருந்தால் வளைந்த குச்சியாகப் பார்த்து ஒடித்து, நிழலில் காயவைத்து அறுங்கள்.

அன்று எடுத்த அளவை வைத்து நான் செய்யும் மாதிரி வள்ளம் ஏழு அங்குலத்தோடு நிற்கிறது. பின்பாதியை உத்தேசமாக முடித்துவிடச் சொல்லி வீட்டில் பலமுறை கேட்டுவிட்டார்கள், எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு அதே மாதிரி வள்ளம் கிடைத்தால், பின்பக்கத்து ஏழு அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.