படித்து அழுத புத்தகம் எது, ஏன்?

யோசிக்கவே வேண்டாம், 'எரியும் பனிக்காடு'. பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், தமிழில் மொழிபெயர்த்தவர் இரா. முருகவேள், பாலாவின் 'பரதேசி' படம் (2013) இதைத் தழுவித்தான் வந்தது. டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர், அதனால் மலேரியாவும் அட்டைக்கடியும் கேள்விப்பட்டு எழுதியது போல இருக்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். சாவுகளைக்கூடத் தாண்டிவிட்டேன், ஆனால் வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்து, பிடித்தமெல்லாம் போகக் கடன் அப்படியே நிற்கிறது, ஊருக்குப் போக முடியாது என்று தெரியவரும் இடத்தில் என்னால் முடியவில்லை. இத்தனைக்கும் ஆசிரியர் நம்மை அழவைக்க மெனக்கெடவே மாட்டார், சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சரி, படம் பார்த்தாச்சே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.